மீட்கும் உரிமை

ஞாயிறு திருப்பலியில் நம் செவியில் விழும் சொற்களுள் 'மீட்பு' என்பது முதன்மையானது. பாவத்தினின்று மீட்பு, சாவினின்று மீட்பு என்று மறையுரையில் அதை எடுத்தாளுகிறோம். அதே சொல் சார்பதிவாளர் அலுவலகத்து முத்திரைத்தாளிலும் உண்டு. ஒற்றி மீட்பு, அடமான மீட்பு என்று பத்திரம் எழுதுவோர் அதை நாள்தோறும் எழுதுகின்றனர். சிலுவைக்கும் வயலுக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயலன்று. வறுமையால் கைவிட்டுப்போன நிலத்தைத் திருப்பிக் கொணரும் நெருங்கிய உறவினனை எபிரேயர் 'கோயேல்' என்று அழைத்தனர். அந்தப் பெயரையே அவர்கள் இறைவனுக்கும் சூட்டினர்.

வாங்கிய கடனைத் தவணைக்கு முன்பே அடைத்துச் சொத்தை மீட்டுக்கொள்ள ஒரு குடும்பத்திற்கு உரிமை உண்டா? வங்கியில் வீட்டுக்கடன் பெற்றிருக்கும் இன்றைய வாசகருக்கு இது ஒரு கேள்வியாகவே தோன்றாமல் இருக்கலாம். கையில் பணம் இருந்தால் கட்டிவிடலாமே என்பார். ஆனால் இந்த எளிய உரிமைக்கு நீண்ட வரலாறு உண்டு. அதில் திருச்சபைக்கும் பங்குண்டு.

நமக்கு இக்கேள்வி முதன்முதலில் எழுந்தது வீட்டுத் திண்ணையில்தான். 1979-ஆம் ஆண்டு அத்தையின் திருமணச் செலவுக்காக நம் தந்தையார் குளத்துப் பாசனத்திலிருந்த அரை ஏக்கர் வயலை ஐந்தாண்டுத் தவணைக்கு ஒற்றி வைத்தார். ஒற்றித்தொகை 2,000 ரூபாய். வட்டி என்று எதுவும் கிடையாது. மாறாக, வயலின் விளைச்சல் முழுவதும் ஒற்றி பிடித்தவருக்கு. நம் அன்னையார் ஒரு பழைய நோட்டில் வரவு, செலவு என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் மூன்றாவதாக ஒரு பத்தி வரைந்து, அதற்கு 'வயல்' என்று தலைப்பிட்டார். பீடி சுற்றிய கூலியில் வாரம் ஐந்து ரூபாய், முட்டை விற்ற காசு, தந்தையாரின் கொத்துவேலைக் கூலியில் மீந்தது என அப்பத்தியில் எண்கள் சேர்ந்துகொண்டே வந்தன. 1982-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இரண்டாயிரம் நிறைந்தது.

பணத்தை மடியில் முடிந்துகொண்டு அன்னையார் ஒற்றி பிடித்தவர் வீட்டுக்குச் சென்றபோது நாமும் உடன் சென்றோம். அவர் பணத்தைத் தொடவில்லை. "இன்னும் ரெண்டு வருசம் கெடக்கேம்மா. பத்திரத்துல போட்ட கெடு முடியட்டும், கொண்டா" என்றார். அன்னையார் ஒன்றும் பேசாமல் திரும்பிவிட்டார். வழியில் வயலைக் கடந்தபோது நெற்கதிர்கள் பால்பிடித்து நின்றன. அது நம் நெல்லன்று.

அவரைக் கொடியவர் என்றே நாம் பல்லாண்டுகள் எண்ணிக்கொண்டிருந்தோம். பின்னாளில் சட்ட நூல்களைப் புரட்டியபோதுதான் அவர் சட்டத்திற்குப் புறம்பாக எதுவும் செய்யவில்லை என்பது தெரிந்தது. அப்படியானால் குறை எங்கே இருந்தது? அதைத் தேடும்போது நாம் விவிலியத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம் யூபிலி ஆண்டைப் பற்றிக் கூறுவதை நாம் அனைவரும் அறிவோம். ஐம்பதாம் ஆண்டில் விற்கப்பட்ட நிலம் உரியவரிடம் திரும்பும். 2000-ஆம் ஆண்டு யூபிலியை முன்னிட்டுத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும், 2025-ஆம் ஆண்டு யூபிலியை முன்னிட்டுத் திருத்தந்தை பிரான்சிசும் ஏழை நாடுகளின் கடன் சுமையைக் குறைக்குமாறு கேட்டது இந்த மரபை ஒட்டியே. ஆனால் அதே அதிகாரத்தில் யூபிலிக்குக் காத்திராமலே நிலத்தை மீட்கும் வழியும் சொல்லப்பட்டிருப்பதை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. வறுமையால் நிலத்தை விற்றவருக்காக நெருங்கிய உறவினர் அதை மீட்கலாம். அப்படி மீட்க ஆளில்லாவிடில், விற்றவரே பின்னர் பொருள் சேர்த்து, விற்ற நாள்முதல் கடந்த ஆண்டுகளைக் கணக்கிட்டு, எஞ்சிய ஆண்டுகளுக்குரிய தொகையைக் கொடுத்துத் தம் நிலத்திற்குத் திரும்பலாம். வாங்கியவர் அனுபவித்த ஆண்டுகள் கழிக்கப்படுகின்றன. மீதிக்கு மட்டுமே பணம். இன்று வங்கிகள் நிலுவைத் தொகையைக் கணக்கிட்டுத் தருவதற்கு இவ்விதி தொலைவில் இல்லை.

இவ்விதி எல்லாச் சொத்துக்கும் ஒரே அளவில் பொருந்தவில்லை. மதில் சூழ்ந்த நகரில் உள்ள வீட்டை விற்றவர் ஓராண்டுக்குள் மீட்காவிடில் அது வாங்கியவருக்கே நிலைத்துவிடும். மதிலில்லாச் சிற்றூர் வீடுகளோ நிலத்தைப் போலவே எண்ணப்பட்டன. அவற்றை மீட்கும் உரிமை அற்றுப்போவதில்லை. உழுது பிழைப்பவனிடமிருந்து நிலத்தையும் குடிலையும் பறித்தால் அவன் பிழைப்பே போய்விடும் என்பதை அச்சட்டம் உணர்ந்திருந்தது.

சட்டம் ஏட்டில் இருப்பது வேறு, வாழ்வில் நிற்பது வேறு. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எருசலேமின் மதிலைக் கட்டிக்கொண்டிருந்த மக்கள் ஆளுநர் நெகேமியாவிடம் வந்து முறையிட்டனர். பஞ்சத்தில் தானியம் பெற வயல்களையும் திராட்சைத் தோட்டங்களையும் வீடுகளையும் அடகு வைத்துவிட்டோம், பிள்ளைகளையும் அடிமைகளாக விட்டுவிட்டோம் என்றனர். நெகேமியா பெருமக்களை மன்றத்தில் நிறுத்தினார். தாமும் தம் உறவினரும் கடன் கொடுத்திருப்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நிலங்களையும் வீடுகளையும், வாங்கிய நூற்றில் ஒரு பங்கையும் அன்றே திருப்பிக் கொடுக்கச் செய்தார். தாமும் கடன் கொடுத்தவர்களுள் ஒருவர் என்று அவர் சொன்னதை நாம் கருத்திற்கொள்ள வேண்டும். திருச்சபையின் வரலாற்றிலும் அத்தகைய ஒப்புதல் ஒன்று தேவைப்பட்டது.

பன்னிரண்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நிலத்தை ஈடு வைக்க இரண்டு முறைகள் இருந்தன. ஒன்றில் நிலத்தின் விளைச்சல் கடன் முதலில் கழிந்துகொண்டே வரும். முதல் தீர்ந்ததும் நிலம் திரும்பும். அதனை 'உயிருள்ள ஈடு' என்றனர். மற்றதில் விளைச்சல் முழுவதும் கடன் கொடுத்தவருக்கு. முதலில் ஒரு காசும் குறையாது. இதனை 'செத்த ஈடு' என்றனர். ஆங்கிலத்தில் அடமானத்தைக் குறிக்கும் 'மார்ட்கேஜ்' என்னும் சொல் இந்தச் செத்த ஈட்டின் பெயரே. நம் அன்னையாரின் வயல் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை வாசகர் இப்போது அறிந்திருப்பர்.

செத்த ஈட்டின் பேரில் கடன் கொடுத்தவர்களுள் துறவு மடங்களும் இருந்தன என்பது நாம் ஒளிக்கக் கூடாத உண்மை. 1163-ஆம் ஆண்டு திருத்தந்தை மூன்றாம் அலெக்சாந்தர் தலைமையில் தூர் நகரில் கூடிய சங்கம், திருப்பணியாளரும் துறவியரும் இவ்வாறு செய்வதைக் கண்டித்தது. ஈடாகப் பெற்ற நிலத்தின் விளைச்சலைச் செலவு நீக்கிக் கடன் முதலில் கழிக்க வேண்டும். முதல் தீர்ந்ததும் நிலத்தை உரியவரிடம் விட வேண்டும் என்று விதித்தது. திருச்சபை வட்டியைப் பற்றிப் பிறருக்குச் சொன்னதை முதலில் தன் வீட்டிலேயே நடைமுறைப்படுத்த வேண்டியிருந்தது.

பிற்பட்ட நூற்றாண்டுகளில் வேறொரு வழக்கம் பரவிற்று. வீடோ நிலமோ உடையவர் ஒருவரிடம் மொத்தமாக ஒரு தொகை பெற்றுக்கொண்டு, அச்சொத்தின் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு தொகை தர ஒப்புவார். இது வட்டியா, வாணிகமா என்று இறையியலார் நெடுநாள் வழக்காடினர். செருமானியப் பகுதிகளிலிருந்து வந்த விண்ணப்பங்களுக்கு விடையாக 1425-இல் திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டினும், 1455-இல் திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துவும் இவ்வழக்கத்தை ஏற்றனர். அவர்கள் ஏற்ற ஒப்பந்தத்தில் ஒரு கூறு நம் கருத்துக்கு உரியது. பணம் பெற்றவர் தாம் விரும்பும்போது அதே தொகையை முழுமையாகவோ பகுதியாகவோ திருப்பிக் கொடுத்து, அந்த அளவிற்கு ஆண்டுக் கட்டணத்திலிருந்து விடுபடலாம். கொடுத்தவரோ பணத்தைத் திருப்பித் தருமாறு அவரை நெருக்க முடியாது. 1569-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு விதிகளை வகுத்தபோதும், பெற்ற அதே விலைக்கு மீட்டுக்கொள்ளும் உரிமை பணம் பெற்றவருக்கு எக்காலமும் இருக்க வேண்டும் என்பதை உறுதிசெய்தார்.

'விரும்பும்போது', 'பகுதியாகவேனும்' என்னும் இரு சொற்களின் பொருளைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். தவணை என்பது கடன்பட்டவருக்கு அளிக்கப்படும் அவகாசம். அதற்குள் கட்டினால் போதும் என்பது அதன் கருத்து. அவகாசத்தையே விலங்காக்கி, அதற்குமுன் கட்டக்கூடாது என்று சொல்வது முறையன்று. இதைப் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே உரோமை ஏற்றிருந்தது.

ஆனால் நம் நாட்டு வழக்குமன்றங்களுக்கு வந்து சேர்ந்தது ஆங்கிலேயரின் சட்டம். இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டப்படி, குறித்த நாளில் பணம் கட்டாதவர் நிலத்தை இழந்தார். ஒருநாள் தாமதமும் மன்னிக்கப்படவில்லை. இக்கொடுமையைச் சான்சரி என்னும் நீதிமன்றம் தணித்தது. நாள் கடந்தாலும் முதலும் வட்டியும் கொடுத்து நிலத்தை மீட்கலாம் என்று அது பதினேழாம் நூற்றாண்டில் ஒரு கொள்கையை நிலைநாட்டிற்று. ஒருமுறை அடமானமாக இருந்தது என்றும் அடமானமே; எந்த நிபந்தனையாலும் அதை விற்பனையாக மாற்ற முடியாது என்றது. பெரும் கருணைதான். ஆயினும் அது பிந்தி வந்தவருக்குக் காட்டிய கருணை. முந்தி வந்தவருக்குக் கதவைத் திறக்கவில்லை.

அக்கொள்கையே 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 60-ஆம் பிரிவாக அமைந்தது. அடமானப் பணம் தவணைக்கு வந்த பின்னர் எப்போது வேண்டுமானாலும் அதைக் கொடுத்துச் சொத்தை மீட்கலாம் என்கிறது அப்பிரிவு. கடன் கொடுத்தவர் பணம் வாங்க மறுத்தால், 83-ஆம் பிரிவின்படி அதை நீதிமன்றத்தில் செலுத்தலாம். ஆனால் இரண்டு பிரிவுகளிலும் 'தவணைக்கு வந்த பின்னர்' என்பதே நிபந்தனை. 1982-இல் நம் அன்னையாரின் பணத்தைத் தொட மறுத்தவர் நின்ற இடம் இதுதான். லேவியர் நூல் திறந்து வைத்த வாயிலும், திருத்தந்தையர் திறந்து வைத்த வாயிலும் அந்தப் பத்திரத்தில் இல்லை.

ஒற்றியிலும் வட்டியிலும் சிக்கிய உழவரை மீட்க வேறொரு வழியும் தேடப்பட்டது. சென்னை மாகாண அரசுக்காகப் பிரெடரிக் நிக்கல்சன் என்னும் அதிகாரி வேளாண் கடனைப் பற்றி ஆராய்ந்து 1895-இலும் 1897-இலும் அறிக்கைகள் அளித்தார். செருமனியில் ரைஃபைசன் என்பவர் சிற்றூர்களில் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் போன்றவை இங்கும் வேண்டும் என்பது அவர் முடிவு. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே, இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள திரூரில் ஒரு சங்கம் பதிவாயிற்று. 1929-இல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி தோன்றிற்று. பழைய கடன்களைத் தீர்க்க நீண்டகாலக் கடன் கொடுத்து, அதனைப் பல ஆண்டுத் தவணைகளில் திரும்பப் பெறுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. முதலும் வட்டியும் சேர்ந்து சிறுகச் சிறுகக் கரையும் தவணைமுறையை நம் சிற்றூர்கள் இவ்வாறு அறிந்துகொண்டன. செத்த ஈட்டிற்கு மீண்டும் உயிர் வந்தது என்றே சொல்லலாம்.

வீட்டுக்கடனின் காலம் பின்னர் வந்தது. 1977-இல் எச்.டி.எஃப்.சி. நிறுவனமும், 1988-இல் தேசிய வீட்டுவசதி வங்கியும் தோன்றின. மாதச் சம்பளக்காரரும் கடன் பெற்றுச் சொந்த வீடு கட்டும் காலம் வந்தது. நம் பங்குகளில் வீடு மந்திரிக்க அழைப்பவர் பெரும்பாலும் இன்று கடன் பெற்றுக் கட்டியவரே. அவருள் பலர் தம் தவணையின் உட்கணக்கை அறிவதில்லை என்பதால் அதை இங்கே விளக்குவது நன்று.

ஒருவர் 10 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் 20 ஆண்டுகளுக்குக் கடன் பெறுகிறார் என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 8,997 ரூபாய். முதல் மாதத்தில் அதில் 7,500 ரூபாய் வட்டிக்கே போய்விடும். முதலில் கழிவது 1,497 ரூபாய் மட்டுமே. ஐந்தாண்டுகளில் அவர் கட்டியது ஏறத்தாழ 5 இலட்சத்து 40 ஆயிரம். முதலில் குறைந்ததோ 1 இலட்சத்து 13 ஆயிரம். முதலில் பாதி கழிவதற்குப் பதினான்கு ஆண்டுகள் ஆகும். இருபது ஆண்டு முடிவில் அவர் மொத்தம் கட்டியிருப்பது ஏறத்தாழ 21 இலட்சத்து 59 ஆயிரம். அவரே தொடக்கத்திலிருந்து மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்டி, அது முதலில் கழியுமாறு பார்த்துக்கொண்டால், கடன் பதினைந்தரை ஆண்டுகளில் தீரும். வட்டியில் ஏறத்தாழ 3 இலட்சம் ரூபாய் மிஞ்சும். கடனின் தொடக்க ஆண்டுகளில் கூடுதலாகக் கட்டும் சிறுதொகைக்கே பலன் மிகுதி. ஏனெனில் அன்று கழியும் ஒவ்வொரு ரூபாயும் எஞ்சிய ஆண்டுகள் அனைத்திற்குமான வட்டியைத் தன்னுடன் கொண்டுபோகிறது.

இவ்வாறு முன்கூட்டிக் கட்ட வந்தவரிடம் தனியே ஒரு கட்டணம் வாங்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. தமக்கு வரவேண்டிய வட்டி போகிறதே என்பது கடன் கொடுத்தவரின் வாதம். 2012 சூன் மாதத்தில் இந்திய ரிசர்வ் வங்கி, மாறும் வட்டியில் தனிமனிதர் பெற்ற வீட்டுக்கடனை முன்கூட்டி அடைப்பதற்கு வங்கிகள் கட்டணம் வாங்கக்கூடாது என்று ஆணையிட்டது. 2023 செப்டம்பரில் வந்த மற்றோர் ஆணை, கடன் முழுவதும் தீர்ந்த 30 நாள்களுக்குள் மூலப்பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தங்கள் பொறுப்பால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்றும் கூறிற்று. கடனை அடைப்பவர் பத்திரத்தைக் கேட்டுப் பெறுவதோடு, அடமானம் தீர்ந்ததற்கான பதிவையும் செய்து, வில்லங்கச் சான்றில் அது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். நம் அன்னையாருக்கு மூடியிருந்த வாயில் இன்றைய வீட்டுக்காரருக்குத் திறந்திருக்கிறது.

இங்கே நம்முடைய ஒரு தவற்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், அன்பைத் தவிர வேறு எதிலும் ஒருவருக்கும் கடன்படவேண்டாம் என்று திருத்தூதர் பவுல் உரோமையருக்கு எழுதியதை வைத்து நாம் ஒரு மறையுரை ஆற்றினோம். அதைக் கேட்ட ஓர் இளங்குடும்பம் வீட்டுக்கடனை விரைந்து தீர்ப்பதென உறுதிபூண்டது. சேமிப்பு முழுவதையும் கடனில் கட்டினர். மருத்துவக் காப்பீட்டையும் புதுப்பிக்காமல் விட்டு அப்பணத்தையும் கட்டினர். மறு ஆண்டு மனைவிக்கு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. வங்கியில் கட்டிய பணம் திரும்பி வராதல்லவா? நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு நகைகளை அடகு வைத்தனர். ஆண்டுக்கு 9 விழுக்காட்டுக் கடனைக் குறைக்கப் போய் 24 விழுக்காட்டுக் கடனில் விழுந்தனர். அவர்கள் நம்மைக் குறைகூறவில்லை. ஆனால் அந்த வீட்டிலிருந்து நாம் தலைகுனிந்தே திரும்பினோம். கடனைப் பற்றிப் போதித்த நாம் கணக்கைப் பற்றிப் போதிக்கவில்லை.

அதன்பின் நாம் அடிக்கடி எண்ணிப் பார்ப்பது அரசர் இரண்டாம் நூலில் வரும் கைம்பெண்ணை. கணவன் இறந்துவிட்டான், கடன் கொடுத்தவன் அவளுடைய இரு மகன்களையும் அடிமைகளாகப் பிடிக்க வந்திருக்கிறான். எலிசா உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்கிறார். ஒரு கலயம் எண்ணெய் மட்டுமே என்கிறாள். அயலாரிடம் இரவல் வாங்கிய பாத்திரங்களெல்லாம் எண்ணெயால் நிறைந்தபின் இறைவாக்கினர் சொல்வது இரண்டு செய்திகள்: எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், எஞ்சியதைக் கொண்டு நீயும் உன் பிள்ளைகளும் வாழுங்கள். கடன் முதலில் வருகிறது. ஆனால் வாழ்வதற்கும் எஞ்ச வேண்டும் என்பது இறைவாக்கினரின் கணக்கு. உணவு, கல்வி, மருத்துவம், எதிர்பாராச் செலவுக்கென ஒரு சிறு கையிருப்பு, இவற்றுக்கு வைத்தபின் மீள்வதே மீட்புக்கு உரியது. அதிலும் வட்டி மிகுந்த கடன் முன்னும், குறைந்த கடன் பின்னுமாகத் தீர்வதே முறை. வீட்டிற்காகத்தான் கடன் வாங்கினோம். வீட்டில் வாழ்வோரைக் கடனுக்குக் கொடுத்துவிடலாகாது.

1984-ஆம் ஆண்டு கெடு முடிந்த அன்று காலை அன்னையார் அஞ்சலகச் சேமிப்பிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு சென்றார். இரண்டு ஆண்டுகள் வீட்டில் எத்தனையோ நெருக்கடி வந்தும் அத்தொகையை அவர் தொட்டதில்லை. ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளில் நம் பள்ளிச் செலவையும் குறைத்ததில்லை. ஒற்றி பிடித்தவர் எண்ணி வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கொடுத்தார். அன்னையாருக்கு அவர்மேல் கோபம் இருந்ததாக நமக்கு நினைவில்லை. வீடு வந்ததும் நோட்டை எடுத்து மூன்றாம் பத்தியின் அடியில் ஒரு கோடு இழுத்தார்.

அடுத்த வாரமும் அப்பத்தியில் ஐந்து ரூபாய் எழுதப்பட்டது. இனி எதற்கு என்று நாம் கேட்டோம். பக்கத்து வீட்டு அக்காளின் வயலும் அதே மனிதரிடம் ஒற்றியில் இருந்தது. அவர்களுக்கு இன்னும் ஓராண்டு கெடு என்றார் அன்னையார்.